‘குழந்தை இன்னும் கொஞ்சம் வளரட்டுமே’: ஓர் இதய அறுவை சிகிச்சை நிபுணரின் வாழ்வு தரும் விடை

பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை தேவை என்று நாங்கள் சொல்லும்போது, பெற்றோரிடமிருந்து பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது. “இவ்வளவு சின்ன உடம்பு எப்படித் தாங்கும், டாக்டர்? இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்யக் கூடாதா?” சில குடும்பங்களில் இதைக் கேட்பவர் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருப்பார். இது அறியாமையால் எழும் கேள்வியன்று. ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன்பு வரை, உலகின் தேர்ந்த இதய அறுவை சிகிச்சை நிபுணர்களில் பெரும்பாலோரும் இதையேதான் சொல்லிவந்தனர்.

அக்கருத்து ஏன் மாறியது என்பதை அறிந்துகொண்டால், இன்று மருத்துவர்கள் தரும் ஆலோசனையைத் தெளிவோடு புரிந்துகொள்ள முடியும். அந்த மாற்றத்தில் பெரும் பங்கு வகித்தவர் ஆல்டோ காஸ்டன்யேடா என்னும் குழந்தைகள் இதய அறுவை சிகிச்சை நிபுணர். 1930இல் பிறந்து 2021இல் மறைந்த அவருடைய பணிவாழ்வை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

பிறவி இதயக் குறைபாடு என்பது என்ன?

உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் சுமார் 8 முதல் 10 குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. கருவுற்ற முதல் எட்டு வாரங்களுக்குள் இதயத்தின் அறைகளும் வால்வுகளும் பெருங்குழாய்களும் உருவாகிவிடுகின்றன. அப்போது நிகழும் சிறு பிறழ்வே பின்னர்க் குறைபாடாக நிற்கிறது. அறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை இருக்கலாம். வால்வோ குழாயோ குறுகியிருக்கலாம். குழாய்கள் இடம் மாறி இணைந்திருக்கலாம்.

‘கர்ப்ப காலத்தில் எதைத் தின்றேன், எங்கே போனேன்’ என்று தாய்மார் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலான குழந்தைகளில் இதுதான் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. இக்குறைபாடு யாருக்கும் தண்டனையாக வருவதன்று. குடும்பத்தார் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

காத்திருப்பதே வழக்கமாக இருந்த காலம்

இதயத்தைத் திறந்து சரிசெய்ய வேண்டுமானால் அதன் ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். அந்நேரத்தில் உடலுக்கு இரத்தத்தையும் ஆக்சிஜனையும் தரும் பொறுப்பை இதய நுரையீரல் இயந்திரம் ஏற்கிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் இரத்தம் மொத்தமே சுமார் 250 மில்லிலிட்டர். ஒரு பெரிய டம்ளர் கொள்ளும் அளவு. தொடக்கக் கால இயந்திரங்களை நிரப்புவதற்கே அதைப்போல் பல மடங்கு இரத்தம் தேவைப்பட்டது. பச்சிளங்குழந்தையின் இதயமோ ஒரு பெரிய நெல்லிக்காயைவிடச் சற்றே பெரியது. நுரையீரலும் சிறுநீரகமும் முதிராத அவ்வுடல் இந்த அதிர்ச்சியைத் தாங்காது என்றே கருதப்பட்டது.

எனவே இரண்டு கட்டச் சிகிச்சை வழக்கத்துக்கு வந்தது. முதலில், இதயத்தைத் திறக்காமலேயே செய்யக்கூடிய ஒரு தற்காலிக அறுவை சிகிச்சை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944இல் ஆல்ஃபிரட் பிளலாக், ஹெலன் டாசிக், விவியன் தாமஸ் ஆகிய மூவரின் உழைப்பால் உருவான ‘ஷண்ட்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்ததும், நீலம் பாரித்திருந்த குழந்தைகளின் உதடுகள் சிவந்தன. ஆனால், இதயத்திலுள்ள குறை அப்படியே இருந்தது. குழந்தை வளர்ந்தபின் முழு அறுவை சிகிச்சை செய்யலாம் என்பது திட்டம்.

இத்திட்டத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத இழப்பு இருந்தது. காத்திருந்த காலத்திலேயே பல குழந்தைகள் இறந்தன. பிழைத்து அறுவை அரங்கை அடைந்த பிள்ளைகளின் கணக்கு மட்டுமே அறுவை சிகிச்சையின் வெற்றி விகிதமாகக் காட்டப்பட்டது. வீட்டிலும் வார்டிலும் இறந்த குழந்தைகள் அக்கணக்கில் சேரவில்லை.

மினசோட்டாவில் பயின்றவை

காஸ்டன்யேடா பிறந்தது இத்தாலியின் ஜெனோவா நகருக்கு அருகில். குடும்பம் குவாத்தமாலா நாட்டைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தை ஜெர்மனியின் மியூனிக் நகரில் கழித்த பின்னர், குவாத்தமாலாவின் சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1950களின் இறுதியில் மேற்பயிற்சிக்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

இதய அறுவை சிகிச்சையைக் கற்க அன்று அதைவிடப் பொருத்தமான இடம் அரிது. அங்கு வால்டன் லில்லிஹை என்பவர் 1954இல் வியக்கத்தக்க ஒரு முறையைக் கையாண்டிருந்தார். நம்பத்தகுந்த இயந்திரம் இல்லாத நிலையில், குழந்தையின் இரத்தக்குழாய்களைத் தந்தை அல்லது தாயின் இரத்தக்குழாய்களோடு இணைத்து, பெற்றோரின் இதயமும் நுரையீரலுமே குழந்தைக்காகவும் இயங்கும்படி செய்தார். 45 நோயாளிகளுக்கு இம்முறையில் அறுவை சிகிச்சை நடந்தது. 28 பேர் உயிருடன் வீடு திரும்பினர். 1955இல் எளிய ஆக்சிஜனேற்றும் கருவி ஒன்று அங்கேயே உருவானதும் இம்முறை கைவிடப்பட்டது.

பச்சிளங்குழந்தையின் உடல் நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த அனுபவம் வித்திட்டது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே பணியாற்றிய காஸ்டன்யேடாவின் கவனம் நாளடைவில் மிகச் சிறிய குழந்தைகளின் பக்கம் திரும்பியது.

பாஸ்டனில் ஒரு புதிய அணுகுமுறை

1972இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் இதய அறுவை சிகிச்சைத் துறைக்கு அவர் தலைவரானார். அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் கிராஸ். பிறந்தபின் தானே மூட வேண்டிய ஓர் இரத்தக்குழாய் மூடாமலிருந்த ஏழு வயதுச் சிறுமிக்கு 1938இல் அதைக் கட்டி, பிறவி இதயக் குறைபாட்டுக்கான அறுவை சிகிச்சைக்கே வழிதிறந்தவர் அவர்.

அங்கே காஸ்டன்யேடா வலியுறுத்திய கருத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: தற்காலிகச் சிகிச்சையைத் தவிர்த்து, முழுமையான சீரமைப்பை முதலிலேயே, இயன்றவரை சீக்கிரம் செய்ய வேண்டும். குறைபாடுள்ள இதயம் காத்திருக்கும் காலத்தில் சும்மா இருப்பதில்லை என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

பெரிய ஓட்டையுள்ள இதயத்திலிருந்து நுரையீரலுக்கு அளவுக்கு மீறிய இரத்தம், மிகுந்த அழுத்தத்துடன் பாய்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல நுரையீரலின் சிறு குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. ஒரு கட்டத்துக்குப் பின் அது மீளாத நிலையை அடைகிறது. அப்போது ஓட்டையை மூடுவதே உயிருக்கு ஆபத்தாக முடியும். நீலம் பாரிக்கும் குழந்தைகளில் மூளை உட்பட உறுப்புகள் அனைத்தும் குறைந்த ஆக்சிஜனோடு வளர்கின்றன. அடைப்பை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளும் இதயத் தசையும் தடித்துப்போகிறது. ஆகவே, ‘வளர்ந்த பிறகு’ அறுவை சிகிச்சைக்கு வருவது இன்றைய அதே இதயமன்று. இடைப்பட்ட காலத்தின் சேதத்தையும் சுமந்த இதயம்.

இக்கருத்தைச் செயலாக்க ஒரு வழி தேவைப்பட்டது. குழந்தையின் உடலைச் சுமார் 18 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, இரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் முழுமையாக நிறுத்தி, அசைவும் இரத்தமும் இல்லாத இதயத்தில் சீரமைப்பைச் செய்யும் முறை அதற்கு உதவியது. ஜப்பானியக் குழுக்களும் நியூசிலாந்தின் பிரையன் பாரட்-பாய்ஸும் 1960களில் இதை முன்னெடுத்திருந்தனர். பாஸ்டன் குழுவினர் அதைக் கைக்கொண்டு, முதல் மூன்று மாத வயதுக்குள் செய்த திறந்த இதய அறுவை சிகிச்சைகளின் முடிவுகளை 1970களிலேயே வெளியிட்டனர்.

இது ஒருவரின் கைத்திறனால் மட்டும் நிகழவில்லை. குறைபாட்டைத் துல்லியமாகக் கண்டறிந்த இதய மருத்துவர்கள், குறைபாடுள்ள இதயங்களின் அமைப்பை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ரிச்சர்ட், ஸ்டெல்லா வான் பிராக் தம்பதியர், மயக்கவியல் நிபுணர்கள், இயந்திரத்தை இயக்கியோர், தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் எனப் பலரும் சேர்ந்த அணியே அதைச் சாதித்தது.

சில வாரங்களே உள்ள கெடு

இம்முறையின் அவசியத்தை மிகத் தெளிவாகக் காட்டிய குறைபாடு ஒன்று உண்டு. உடலுக்குச் செல்லும் மகாதமனியும் நுரையீரலுக்குச் செல்லும் தமனியும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று முளைத்திருப்பது. இதனால் கெட்ட இரத்தம் உடலையே சுற்றிவர, நல்ல இரத்தம் நுரையீரலையே சுற்றிவருகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் ஆண்டைக் கடப்பதில்லை.

முந்தைய அறுவை சிகிச்சைகள் இதயத்தின் மேலறைகளுக்குள் இரத்தம் செல்லும் பாதையை மட்டும் திருப்பிவிட்டன. குழந்தைகள் பிழைத்தன. ஆனால், உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் சுமை, அதற்காக அமையாத வலது கீழறையின் மேலேயே விழுந்தது. ஆண்டுகள் பல சென்றபின் அவர்களில் பலருக்கு இதயத் துடிப்புக் கோளாறும் இதயச் செயலிழப்பும் தோன்றின.

இரு தமனிகளையும் வெட்டி, உரிய இடங்களில் மாற்றித் தைப்பதே இயல்பான தீர்வு. இதில் கடினமான பகுதி, இதயத் தசைக்கே இரத்தம் தரும் கரோனரி தமனிகளையும் உடன் இடம் மாற்றுவது. பச்சிளங்குழந்தையில் அவற்றின் குறுக்களவு ஓரிரு மில்லிமீட்டர்தான். பிரேசிலின் அடிப் ஜாட்டெனே 1975இல் இதை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்துகாட்டினார். அக்குழந்தைக்கு இதயச் சுவரில் ஓட்டையும் இருந்தது. ஓட்டை இல்லாத குழந்தைகளுக்கோ ஒரு கெடு உண்டு. பிறந்த சில வாரங்களில் நுரையீரலின் அழுத்தம் குறைந்துவிடுவதால், அதற்கு இரத்தம் அனுப்பும் இடது கீழறைக்கு வேலை குறைந்து, தசை மெலிந்துபோகிறது. அதன்பின் தமனிகளை மாற்றினால் உடலின் சுமையை அதனால் சுமக்க இயலாது.

தசை மெலிவதற்கு முன்னரே, பிறந்த சில நாள்களிலேயே இதைச் செய்துவிடுவது என்று 1983இல் காஸ்டன்யேடாவின் குழு தொடங்கியது. அதன் முடிவுகள் 1984இல் வெளிவந்தன. இன்று உலகெங்கும் இக்குறைபாட்டுக்கு இதுவே முதன்மையான சிகிச்சை. வளர்ந்தபின் பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் எளிதான வாய்ப்பு கைநழுவிப்போகும் நோய்கள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தாம் கைக்கொண்ட முறையைத் தாமே சோதித்தல்

குளிர்வித்து இரத்த ஓட்டத்தை நிறுத்தும் முறையால் குழந்தைகள் பிழைத்தன. ஆனால் அவர்களின் மூளை எப்படி வளர்கிறது? 1988இல் பாஸ்டன் குழு இதை முறையாக ஆராயத் தொடங்கியது. தமனிகள் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகள் இரு பிரிவாகச் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவில் பெரும்பாலும் இரத்த ஓட்டம் முழுமையாக நிறுத்தப்பட்டது. மற்றதில் குறைந்த அளவு ஓட்டம் தொடர்ந்து தரப்பட்டது. எந்தக் குழந்தைக்கு எந்த முறை என்பதை மருத்துவர்கள் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையில் அது தீர்மானிக்கப்பட்டது.

1993இலும் 1995இலும் வெளியான முடிவுகள், முழு நிறுத்தம் செய்யப்பட்ட குழந்தைகளில் அறுவை சிகிச்சைக்குப் பின் வலிப்பு அதிகம் காணப்பட்டதையும், ஒரு வயதில் உடலியக்க வளர்ச்சி சற்றுப் பின்தங்கியிருந்ததையும் காட்டின. துறையின் பல வெற்றிகளுக்குத் துணைநின்ற முறையின் குறையை அதே துறையே வெளிப்படையாக அறிவித்தது. அதன் பயனாக, முழு நிறுத்தத்தைத் தவிர்ப்பதும், தவிர்க்க முடியாதபோது அதன் நேரத்தைச் சுருக்குவதும் உலகெங்கும் பரவின. இன்று நம் குழந்தைகளின் மூளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் அந்த 171 குடும்பங்களுக்கும் பங்குண்டு.

குவாத்தமாலாவுக்குத் திரும்பினார்

பாஸ்டன் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபின், 1997இல் காஸ்டன்யேடா தாம் மருத்துவம் பயின்ற குவாத்தமாலாவுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 66ஐக் கடந்திருந்தது. அங்குள்ள யூனிகார் என்னும் இதய மருத்துவ நிலையத்தில் குழந்தைகளுக்கான பிரிவை உருவாக்கினார். பாஸ்டனில் கிடைத்த கருவிகளும் பணமும் அங்கே இல்லை. பல குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவோடும் காலம் கடந்தும் வந்தனர். கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்காக அவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை எழுந்தது.

அவர் அங்கே செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி உள்ளூர் மருத்துவர்களையும் செவிலியரையும் பயிற்றுவிப்பதில் கழிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து சில நாள்கள் அறுவை சிகிச்சை செய்துவிட்டுச் செல்வதைவிட, நாள்தோறும் இயங்கும் உள்ளூர் அணியே குழந்தைகளைக் காக்கும் என்பது அவர் வழி. அப்பிரிவின் முடிவுகள் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறிய வரலாறு 2007இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று.

உங்கள் குழந்தைக்கு இதன் பொருள் என்ன?

எல்லாக் குழந்தைகளுக்கும் உடனடி அறுவை சிகிச்சை வேண்டும் என்பது இதன் பொருளன்று. கீழறைகளுக்கு இடையிலான சிறு ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. மேலறைகளுக்கு இடையிலான ஓட்டையைப் பெரும்பாலும் பள்ளி செல்லும் வயது வரை கண்காணித்து, தேவையானால் மூடலாம். தக்க அமைப்பு இருந்தால் அறுவை இன்றித் தொடைக் குழாய் வழியாகவே மூட முடியும். குழந்தையின் உடல்நிலைக்கேற்ப, முதலில் ‘ஷண்ட்’ வைத்துப் பின்னர் முழுச் சிகிச்சை செய்வதும் இன்றும் உண்டு.

மருத்துவர் நாள் குறித்து, எக்கோ பரிசோதனை செய்து, கண்காணித்தபடி காத்திருப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. அச்சத்தாலோ, நல்ல நாள் பார்த்தோ, யாரோ சொன்னார் என்றோ சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நோய்க்கு நாம் தரும் காலம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சிறு குழந்தைக்கான இதய அறுவை சிகிச்சையில் ஆபத்தே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. ஆனால், செய்வதன் ஆபத்தைக் கேட்கும்போது, செய்யாதிருப்பதன் ஆபத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் முடிவு சரியாக அமையும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• பால் குடிக்கும்போது அடிக்கடி நிறுத்தி நிறுத்திக் குடித்தல், நெற்றியில் வியர்த்தல், விரைவில் களைத்துப்போதல்
• வேகமாக மூச்சுவிடுதல், மூச்சு வாங்கும்போது விலாப் பகுதி உள்ளிழுத்தல்
• உதடு, நாக்கு, நகம் ஆகியவை நீலம் பாரித்தல். அழும்போது நீலம் கூடுதல்
• எடை கூடாமை. அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வருதல்

நீலம் பாரித்தல், மூச்சுத்திணறல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவை அவசர நிலை. காலை வரை காத்திருக்க வேண்டாம். பிறந்து 24 மணி நேரம் ஆன குழந்தையின் கையிலும் காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கும் வலியற்ற எளிய சோதனை, கடுமையான குறைபாடுகள் பலவற்றை வீட்டுக்குச் செல்லும் முன்பே காட்டிக்கொடுக்கும். அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் குழந்தையின் குறைபாட்டின் பெயர் என்ன? படம் வரைந்து காட்ட முடியுமா?
• சிகிச்சைக்கு ஏற்ற வயது எது? அதைத் தாண்டினால் என்ன ஆகும்?
• இது முழுச் சிகிச்சையா, தற்காலிகமானதா? மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படுமா?
• காத்திருக்கும் காலத்தில் எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்?

செலவை எண்ணித் தயங்கும் குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகளும் அடங்கும் என்பதை அறிய வேண்டும். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினரும் இக்குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து உரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கின்றனர். மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் காட்டி விவரம் கேட்கலாம்.

அறுவை சிகிச்சை முடிந்த பின்னரும் தொடர் பரிசோதனைகளைக் கைவிட வேண்டாம். பல் சுத்தம், தடுப்பூசிகள், குறித்த நாளில் எக்கோ ஆகிய மூன்றும் தொடர வேண்டும். சிகிச்சைச் சீட்டுகளையும் அறிக்கைகளையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். குழந்தை வளர்ந்து பெரியவர்களுக்கான இதய மருத்துவரிடம் செல்லும்போதும், பெண் குழந்தையாயின் பிற்காலத்தில் கருவுறும்போதும், அக்கோப்பு மருத்துவருக்கு இன்றியமையாததாக இருக்கும்.